அடுப்படிக் கேள்வி பதில்: தோசைக்கல்லில் பானினி

இத்தாலிய பாணியில் அழுத்திச் சுடும் சாண்ட்விச்சான பானினியைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். ரொட்டிக்கு நடுவே சீஸும் வேறு ஓரிரு பொருள்களும் வைத்து, சூடான இரண்டு தட்டுகளுக்கு இடையே அழுத்தி, மேற்புறம் முறுகலாகவும் உள்ளே சீஸ் உருகிய நிலையிலும் எடுப்பதுதான் அது. நான்கு வரிகள் போதவில்லை என்பது வந்திருக்கும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. பெரும்பாலானவை கன்னியாகுமரி மாவட்டத்துக் கடிதங்கள் என்பதால், அந்தப் பக்கத்துச் சந்தையிலும் பேக்கரியிலும் என்ன கிடைக்கும் என்பதை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

தக்கலை வாசகி: எங்கள் வீட்டில் கிரில் இயந்திரம் இல்லை. தோசைக்கல்லில் செய்து பார்த்தேன். வெளியே கருகிவிட்டது, உள்ளே சீஸ் உருகவே இல்லை. தக்காளி வைத்த இடத்தில் ரொட்டி நனைந்து சவசவவென்று ஆகிவிட்டது. இயந்திரம் வாங்கினால்தான் சரிவருமா?

பதில்: இயந்திரம் வேண்டாம். தீயையும், உள்ளே வைக்கும் பொருள்களின் ஈரத்தையும் சரிசெய்துகொண்டால் உங்கள் தோசைக்கல்லே போதும்.

முதலில் கருகியதற்கான காரணத்தைப் பார்ப்போம். மொஸரெல்லா போன்ற சீஸ் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். ரொட்டியின் மேற்பரப்பு பொன்னிறமாவதற்கு ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். அப்படியானால் சீஸ்தானே முதலில் உருக வேண்டும் என்று தோன்றும். ஆனால் ரொட்டி முழுவதும் காற்றறைகள். காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. தீ பெரிதாக இருந்தால், வெப்பம் ரொட்டியைக் கடந்து சீஸை எட்டுவதற்கு முன்பே அடிப்புறம் பொன்னிறத்தைத் தாண்டிக் கருப்பாகிவிடுகிறது. மேலே எடை வைப்பது இதற்காகத்தான். அழுத்தம் காற்றறைகளைச் சுருக்கி, ரொட்டியைக் கல்லோடு இடைவெளியில்லாமல் ஒட்டவைத்து, வெப்பம் போகவேண்டிய வழியைக் குறைக்கிறது. எடை இருந்து தீ பெரிதாக இருந்தாலும் பயனில்லை. தீ சிறிதாக இருந்து எடை இல்லாவிட்டால் ரொட்டி முறுகாமல் வெறுமனே காய்ந்து போகும்.

கனமான இரும்புத் தோசைக்கல்லைச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் காயவிடுங்கள். மேலே வைப்பதற்கு இரண்டாவது தோசைக்கல் இருந்தால் அதைப் பக்கத்து அடுப்பில் சூடாக்கி, அதன் அடிப்பக்கம் ரொட்டியின் மேல் படும்படி வைத்து, அதற்குள் ஏதாவது கனத்தை ஏற்றலாம். அம்மிக் குழவியை நன்றாகக் கழுவித் துடைத்து அலுமினியத் தாளில் சுற்றி வைத்தால் அதைவிட நல்ல கனம் கிடையாது. குழவி இல்லாத வீட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் நிரப்பிய தட்டையான அடியுள்ள பாத்திரம் போதும். மேலே வைப்பது சூடாக இருந்தால் திருப்ப வேண்டியதில்லை. சூடில்லாத கனமாக இருந்தால் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். பக்கத்துக்கு மூன்றிலிருந்து நான்கு நிமிடம் ஆகும். கனத்தை வைத்த பிறகு கையால் அமுக்காதீர்கள். முதல் நிமிடத்தில் உள்ளிருக்கும் பொருள்கள் எதையும் இன்னும் சீஸ் பிடித்துக்கொள்ளவில்லை என்பதால் அவை பக்கவாட்டில் நழுவி வெளியே வந்துவிடும்.

எப்போது எடுப்பது என்பதற்குக் கடிகாரத்தைவிடக் காது உதவும். தொடக்கத்தில் கேட்கும் ‘சொய்ய்’ என்ற ஒலி ரொட்டியிலிருந்து ஈரம் வெளியேறும் ஒலி. அது மெல்லத் தணிந்து, விட்டுவிட்டுக் கேட்கும் சிறு வெடிப்பாக மாறும் நேரத்தில் ஓரத்தைப் பாருங்கள். சீஸ் ஒரு துளி வெளியே கசிந்து கல்லில் பட்டு, விளிம்பு பழுப்பேறிச் சல்லடைபோல் முறுகியிருக்கும். அப்போதே தீயை அணைத்துவிடலாம். எடுத்த உடனே வெட்டினால் சீஸ் ஓடிவிடும் என்பதால் ஒரு நிமிடம் பொறுத்து, பல்லுள்ள கத்தியால் அறுத்தாற்போல் வெட்டுங்கள்.

சவசவப்புக்கு வருவோம். தக்காளியை வட்டமாக வெட்டி, விதையையும் சாற்றையும் விரலால் நீக்கி, உப்புத் தூவிக் கால்மணி நேரம் வடிதட்டில் வைத்துத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு சீஸை ஒரு பக்கம் மட்டும் வைக்காமல் மேலும் கீழும் ரொட்டியை ஒட்டி வைத்து, தக்காளியை நடுவில் வையுங்கள். உருகும் சீஸ் ஈரம் ரொட்டிக்குப் போகாமல் தடுத்துவிடும். வெள்ளரிக்காயைத் தவிர்த்துவிடுங்கள். மற்றொன்று, பெரும்பாலானவர்கள் உள்ளே வைப்பது மிக அதிகம். சீஸைத் தவிர இரண்டு பொருள்கள் போதும். மூன்றாவதாக ஒன்று உள்ளே போனால் அதை மெச்சுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நாகர்கோவில் வாசகர்: எங்கள் பக்கத்துப் பேக்கரிகளில் கிடைக்கும் ரொட்டி எல்லாம் மென்மையாகவும் சற்று இனிப்பாகவும் இருக்கிறது. இத்தாலிய ரொட்டிக்கு எங்கே போவது?

பதில்: பானினி என்றாலே சியாபட்டா ரொட்டிதான் என்று பல சமையல் குறிப்புகள் சொல்கின்றன. அந்த ரொட்டி நூற்றாண்டுகள் பழமையானது என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. வெனெத்தோ மாநிலத்தில் ஆத்ரியா என்னும் ஊரில் மாவு ஆலை நடத்திய அர்னால்டோ கவல்லாரி என்பவர் அதை உருவாக்கியது 1982இல்தான். பிரெஞ்சு நாட்டின் நீளமான பகெத் ரொட்டி இத்தாலியச் சாண்ட்விச் கடைகளைப் பிடித்துக்கொண்டதைப் பொறுக்காமல் அவர் செய்த போட்டி ரொட்டி அது. மாவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் சேர்த்து, கையில் நிற்காத அளவு இளக்கமாகப் பிசைவதால் உள்ளே பெரிய பெரிய துளைகளும் மேலே மெல்லிய ஓடும் உண்டாகும். அழுத்தும்போது அந்த ஓடு நன்றாக முறுகும் என்பதுதான் அதன் சிறப்பு. அதற்கு முன்பும் இத்தாலியர்கள் அவரவர் ஊர் ரொட்டியில் சாண்ட்விச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆகவே சியாபட்டா கிடைக்கவில்லை என்று கைவிட வேண்டியதில்லை.

பேக்கரியில் துண்டு போட்ட ரொட்டியை வாங்காமல், துண்டு போடாத முழு ரொட்டியைக் கேட்டு வாங்குங்கள். காலையில் சொல்லிவைத்தால் எடுத்துவைத்துக் கொடுப்பார்கள். அன்றே பயன்படுத்தாமல் மறுநாள் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு நீங்களே வெட்டுங்கள். ஒருநாள் பழைய ரொட்டியில் ஈரம் குறைந்திருக்கும். அது அழுத்தத்தில் நசுங்காமல் முறுகும். இனிப்பைப் பொறுத்தவரை, மாவில் சர்க்கரை இருந்தால் நிறம் விரைவாக ஏறும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, தீயை இன்னும் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

வட்டமான பன்னிலும் செய்யலாம். அதை இரண்டாகப் பிளந்து, வெட்டிய தட்டைப் பக்கம் வெளியே கல்லில் படும்படியும் பளபளப்பான மேடு உள்ளே சீஸைத் தொடும்படியும் திருப்பிவைத்துக் கட்டுங்கள். பன்னின் மேடு கல்லில் பட்டால் நடுவில் மட்டும் கருகும்; தட்டைப் பக்கம் பட்டால் முழுவதும் ஒரே நிறமாக வரும். கிறிஸ்துமஸ் காலத்தில் கிடைக்கும் பழ ரொட்டி இதற்கு ஆகாது.

உங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், ஆண்டில் பல மாதங்கள் ரொட்டி இரண்டாம் நாளே பூசணம் பிடிக்கும். அதற்காகக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் ரொட்டியிலுள்ள மாவுச்சத்து வெளியில் இருப்பதைவிட வேகமாக இறுகி, ரொட்டி உதிரும். துண்டு போட்டுப் பையில் இறுக்கி உறைபெட்டியில் வைத்தால் கெடாது. எடுத்து அப்படியே கல்லில் போடலாம்.

குலசேகரம் வாசகி: அடுப்பு மட்டும்தான் இருக்கிறது, ஓவன் இல்லை. ரொட்டியையும் வீட்டிலேயே செய்ய ஆசை. வழி உண்டா? மிஞ்சிய பரோட்டாவுக்குள் சீஸ் வைத்து அழுத்தலாம் என்று என் தம்பி சொல்கிறான்.

பதில்: தம்பி சொல்வதைத் தாராளமாகச் செய்யலாம், சுவையாகவும் இருக்கும். அதை இத்தாலியச் சமையல் என்று மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உங்களுக்குப் பொருத்தமான இத்தாலிய வழி வேறொன்று உண்டு. ரொமாஞ்ஞா வட்டாரத்தில் பியாதீனா என்னும் தட்டை ரொட்டியை ஓவன் இல்லாமல் காய்ந்த கல்லில்தான் சுடுகிறார்கள். ரிமினி நகரத்துப் பக்கம் மெல்லியதாகவும் வடக்கே போகப்போகச் சற்றுத் தடிப்பாகவும் தேய்ப்பார்கள். 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்பும் அளித்திருக்கிறது. அவர்கள் பன்றிக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ சேர்ப்பார்கள்; நீங்கள் நெய் சேர்க்கலாம்.

250 கிராம் மைதாவில் அரைத் தேக்கரண்டி உப்பும் 40 கிராம் நெய்யும் சேர்த்து, நெய் மாவு முழுவதும் படும்படி விரல்களால் உதிர்த்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 120 மில்லியைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். மாவு சப்பாத்தி மாவைவிட வழவழப்பாக வரும். மூடி வைத்து அரைமணி நேரம் கழித்து நான்கு உருண்டைகளாக்கி, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமல் போடுங்கள். முள்கரண்டியால் அங்கங்கே குத்திவிட்டால் பூரிபோல் உப்பாமல், ஆங்காங்கே கரும்புள்ளிகளோடு வேகும். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும்; அதிகமானால் மடிக்கும்போது ஒடியும். பிறகு தீயைக் குறைத்து, பாதிப் பரப்பில் சீஸும் வதக்கிப் பிழிந்த கீரையும் வைத்து மடித்து, கனத்தை வைத்து ஒரு நிமிடம் ஒரு பக்கம், ஒரு நிமிடம் மறுபக்கம். முருங்கைக் கீரையை வைத்தால் அதன் இலேசான கசப்பு சீஸின் கொழுப்போடு நன்றாகச் சேர்கிறது. காம்பு ஒன்றுகூட இல்லாமல் உருவுங்கள், மெல்லும்போது தெரியும்.

சுசீந்திரம் வாசகி: நாங்கள் சைவம். சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேர்கிறது என்கிறார்களே, உண்மையா? பன்னீர் வைத்தால் ஏன் உருகுவதில்லை?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றோடொன்று தொடர்புடையது.

பாலை உறையவைக்க ரென்னெட் என்னும் நொதி தேவைப்படுகிறது. மரபாக அது இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கும் ரென்னெட் பரவலாகப் பயன்படுகிறது. இந்தியாவில் விற்கும் சீஸ் பொட்டலத்தில் பச்சை வட்டக் குறி இருந்தால் அதில் விலங்கு ரென்னெட் இல்லை என்று கொள்ளலாம். இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மிசானான பார்மீஜியானோ ரெஜியானோ சைவத்துக்கு ஆகாது. கன்றின் ரென்னெட்டைக் கொண்டே செய்ய வேண்டும் என்பது அதன் விதி. உணவகங்களில் ‘பார்மிசான் தூவியது’ என்று எழுதியிருந்தால் எந்தச் சீஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரென்னெட்டால் உறைந்த சீஸில் பாலின் புரதங்கள் கால்சியத்தின் துணையோடு ஒன்றையொன்று பற்றியிருக்கும். சூடுபட்டதும் அந்தப் பிடி தளர்ந்து, புரதங்கள் வழுக்கி நகரும். அதுதான் உருகுதல். பன்னீர் எலுமிச்சைச் சாறு போன்ற அமிலத்தால் திரிவது. அமிலம் கால்சியத்தைக் கரைத்து வடிநீரோடு வெளியேற்றிவிடுவதால், புரதங்கள் நேரடியாக ஒன்றோடொன்று இறுகிக்கொள்கின்றன. எவ்வளவு சூடாக்கினாலும் அவை தளர்வதில்லை. தண்ணீரை விட்டுவிட்டு இன்னும் இறுகும். ஆகவே பன்னீர் உள்ளே வைக்கும் பொருளாக இருக்கட்டும், ஒட்டும் வேலைக்கு உருகும் சீஸ் வேறு வேண்டும்.

கடைகளில் பீட்சாவுக்கென்று கட்டியாக விற்கும் ஈரம் குறைந்த மொஸரெல்லா பானினிக்கு ஏற்றது. தண்ணீரில் மிதக்கவிட்டு விற்கும் பச்சை மொஸரெல்லா கிடைத்தால், வெட்டி அரைமணி நேரம் துணியில் வைத்து ஈரத்தை ஒற்றாமல் பயன்படுத்தாதீர்கள். தாளில் சுற்றி வரும் சீஸ் வில்லைகள் சீராக உருகும், ஆனால் இழுபடாது. அவற்றில் சேர்க்கும் உப்புகளே அந்த வழவழப்புக்குக் காரணம். மொஸரெல்லா பாதி, சாதாரணச் செடார் வகை பாதி என்று துருவிச் சேர்த்தால் இழுவையும் சுவையும் இரண்டும் கிடைக்கும்.

கத்திரிக்காயைச் சைவ வாசகர்களுக்குத் தனியே பரிந்துரைக்கிறேன். பெரிய கத்திரிக்காயை நீளவாக்கில் அரைச் சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி, எண்ணெய் தடவிக் கல்லில் இருபுறமும் நன்றாகச் சுட்டு, பூண்டு, வினிகர் சில துளிகள், உப்பு ஆகியவற்றில் ஒருமணி நேரம் ஊறவைத்து வடித்து, மொஸரெல்லாவோடு வையுங்கள். தென்இத்தாலியில் வெகு சாதாரணமாகக் கிடைக்கும் சேர்க்கை இது.

குளச்சல் வாசகர்: எங்கள் வீட்டில் எதைச் செய்தாலும் தேங்காய் எண்ணெய்தான். மீனும் இல்லாமல் இருக்காது. சூரை மீனில் பானினி செய்ய முடியுமா? உள்ளியும் நல்லமிளகும் சேர்க்கலாமா?

பதில்: சூரையும் தக்காளியும் சேர்ந்த சாண்ட்விச் இத்தாலியில் எந்த இரயில் நிலையக் கடையிலும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் எண்ணெயில் போட்டு டப்பாவில் அடைத்த சூரையை எடுத்துக்கொள்கிறார்கள். புது மீன் கரைக்கு வரும் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் டப்பாவைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் சூரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கையை முதலில் சொல்லிவிட வேண்டும். சூரை, அயலை போன்ற மீன்களைப் பிடித்தபின் வெயிலில் விட்டுவைத்தால், அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகுகிறது. அதைத் தின்றால் முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வரலாம். இது சமைத்தாலும் பொரித்தாலும் போகாது. மீனில் நாற்றமும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஐஸில் வைத்து விற்கும் மீனை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் குளிரில் வைத்து, அன்றே சமையுங்கள். மத்தியானம் வரை கூடையில் கிடந்த மீன் விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கால் கிலோ முள்ளில்லாத துண்டுகளை உப்புத் தண்ணீரில் சிறு தீயில் பத்து நிமிடம் வேகவைத்து, ஆறவிட்டு, கருஞ்சிவப்பான பகுதியை நீக்கி, உதிர்த்துத் துணியில் பிழியுங்கள். பொடியாக அரிந்த உள்ளி (வெங்காயம்), இடித்த நல்லமிளகு, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு தேக்கரண்டி சேர்த்துப் பிசறி வையுங்கள். இத்தாலியர் இதில் கேப்பர் என்னும் உப்பிட்ட மொட்டைச் சேர்ப்பார்கள். உப்பு நீரில் ஊறிய பச்சை மிளகுக் கொத்து அந்த இடத்தில் அருமையாகப் பொருந்துகிறது. மீனோடு சீஸ் சேர்ப்பதை இத்தாலியர் பலர் விரும்புவதில்லை, எனக்கும் இந்தச் சூரைக்குச் சீஸ் தேவையாகத் தோன்றவில்லை. கலவை ஈரமாக இல்லாமல் இருந்தாலே ரொட்டிக்குள் நின்றுவிடும்.

தேங்காய் எண்ணெயை ரொட்டியின் மேல் தடவிச் சுடுவதில் தவறில்லை. சிறு தீயில் அது புகையாது, முறுகலும் நன்றாக வரும். சூரைக்கும் மிளகுக்கும் அதன் மணம் ஒத்துப்போகும். தக்காளி, மொஸரெல்லா, பேசில் இலை வைத்தால் மட்டும் தேங்காய் மணம் எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போது வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ தடவுங்கள். வடஇத்தாலியில் வெண்ணெயும் தெற்கே ஆலிவ் எண்ணெயும் சமையலில் கூடுதலாகப் புழங்குவதால் இரண்டுமே மரபுதான்.

தோவாளை வாசகி: பேசில் இலை இங்கே கிடைப்பதில்லை. பூச்சந்தையில் வாங்கும் மரிக்கொழுந்தோ வீட்டுத் துளசியோ போட்டால் என்ன? பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ விழுதுக்குப் பைன் கொட்டைக்குப் பதில் அண்டிப்பருப்பு ஆகுமா?

பதில்: மரிக்கொழுந்து வேறு குடும்பத்துச் செடி, கசக்கும்; மாலைக்காக வளர்க்கும் பூ, தழைகளில் அடித்திருக்கும் மருந்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துளசி பேசிலுக்கு நெருங்கிய உறவுதான், ஆனால் அதன் கிராம்பு போன்ற காரமணம் சீஸோடு சேரவில்லை. உங்களுக்குத் தேவையானது திருநீற்றுப்பச்சிலை. இத்தாலியர் பயன்படுத்தும் பேசிலும் அதுவும் ஒரே இனம். ரகம் வேறு என்பதால் மணம் சற்று அழுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா விதை அதன் விதையே. ஒரு சிட்டிகையைத் தொட்டியில் தூவி மண்ணைக் காயவிடாமல் வைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். பூங்கொத்து எட்டிப் பார்த்தவுடன் கிள்ளிவிடுங்கள். பூத்துவிட்டால் இலை சிறுத்துக் கடுக்கும்.

அண்டிப்பருப்பு, அதாவது முந்திரி, நன்றாகவே ஆகும். இத்தாலியிலேயே புட்டியில் விற்கும் பெஸ்தோ பலவற்றில் முந்திரிதான் சேர்கிறது. முந்திரி ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் விலை உயர்ந்த பைன் கொட்டையை வரவழைப்பது வீண். உடைந்த பருப்பே போதும், வறுக்க வேண்டாம். இரண்டு கைப்பிடி இலை, 30 கிராம் பருப்பு, ஒரு சிறு பல் பூண்டு, 30 கிராம் துருவிய கெட்டிச் சீஸ், ஐந்து மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு. ஜெனோவா நகரத்தில் பளிங்கு உரலில் மர உலக்கையால் இடிப்பது மரபு. நீங்கள் அம்மியில் பருப்பையும் பூண்டையும் முதலில் நசுக்கி, பிறகு இலையை வைத்து அரையுங்கள். மிக்சியில் தொடர்ந்து ஓட்டினால் சூடேறி இலை கறுத்துவிடும். பெஸ்தோவை ரொட்டியின் வெளியே தடவினால் கருகும், உள்ளே தடவிச் சுட்டாலும் மணத்தில் பாதி போய்விடும். சுட்டு எடுத்தபின் மெல்லப் பிரித்து, ஒரு பக்கம் தடவி மூடுவதுதான் நல்லது. பச்சையாகச் சேர்க்கும் எந்த இலைக்கும் இதே வழி.

மார்த்தாண்டம் வாசகர்: பானினி இயந்திரம் வாங்குவதென்றே முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முக்கோணக் குழி உள்ளதை வாங்காதீர்கள், அது ஓரத்தை மூடி ரொட்டியைப் பொட்டலமாக்கும். மேல்தட்டின் கீல் தளர்ந்து மேலும் கீழும் நகரக்கூடியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் தடித்த ரொட்டியை வைத்தாலும் தட்டு சாயாமல் சமமாகப் படியும். வரிவரியான தட்டு படத்துக்கு அழகு; முறுகலுக்குச் சமதட்டே மேல், ஏனென்றால் முழுப் பரப்பும் ரொட்டியில் படுகிறது. 750 முதல் 1000 வாட் வரை உள்ளதை வீட்டின் 6 ஆம்பியர் பிளக்கில் செருகலாம். 2000 வாட் இயந்திரத்துக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்காதீர்கள்.

கருங்கல் வாசகி: எங்கள் வீட்டில் எரிவு இல்லாமல் யாருக்கும் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும் மாட்டிறைச்சி வறுவலை வைத்துச் செய்யலாமா?

பதில்: செய்யலாம். இத்தாலிய உணவில் காரமே இல்லை என்பது தவறான எண்ணம். தென்கோடியிலுள்ள கலாப்ரியாவில் ந்தூயா என்று பன்றி இறைச்சியையும் ஏராளமான மிளகாயையும் சேர்த்து அரைத்த விழுது ஒன்று உண்டு. அதை ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிறார்கள். வறுவலில் தேங்காய்க் கொத்து இருந்தால் எடுத்துவிட்டு, இறைச்சியை நாருக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்கி, கல்லில் ஒருமுறை புரட்டி எண்ணெயையும் ஈரத்தையும் போக்கிவிட்டு வையுங்கள். கோழியானாலும் இதே முறைதான். ஏழெட்டு நிமிடம் ரொட்டிக்குள் இருப்பதால் பச்சை இறைச்சி வெந்துவிடாது. முன்னரே முழுமையாக வெந்ததை மட்டுமே உள்ளே வைக்க வேண்டும்.

திருவட்டாறு வாசகி: பிள்ளைகளுக்குக் காலையில் செய்து டப்பாவில் கொடுத்தனுப்பினால் மத்தியானம் தொய்ந்துபோகிறது. மயோனைஸ் தடவினால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

பதில்: சூட்டோடு டப்பாவை மூடுவதால் ஆவி உள்ளேயே தங்கி ரொட்டியை நனைக்கிறது. கம்பி வலையின் மேல் பத்து நிமிடம் ஆறவைத்து, அலுமினியத் தாளில் சுற்றாமல் வெறும் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். அப்படியும் காலையில் இருந்த முறுகல் மத்தியானம் இருக்காது. தொய்வு மட்டும் குறையும்.

மயோனைஸ் வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது, சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் வரும் உணவு நஞ்சாதலை முன்னிட்டு. முட்டையில்லாத வகையும் நான்கு மணி நேரம் வெப்பத்தில் கிடக்கத் தக்கதல்ல. டப்பாவுக்கு மீனும் கோழியும் வைக்காமல், சுட்ட குடைமிளகாயும் சீஸும் வைத்துக் கொடுங்கள். குடைமிளகாயை நேரடித் தீயில் தோல் கருகும்வரை சுட்டு, மூடிவைத்து, தோலை உரித்துத் துடைத்துவிட்டால் இனிப்பாக இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

திங்கள்சந்தை வாசகி: எங்கள் பாட்டாவுக்குப் பல் இல்லை. எல்லோரும் சாப்பிடும்போது அவரும் கேட்கிறார்.

பதில்: அவருக்கு அழுத்தாமல் கொடுங்கள். தூரின் நகரத்துக் காப்பிக் கடைகளில் 1920களிலிருந்து ஓரம் நீக்கிய மென்மையான வெள்ளை ரொட்டியில், சுடாமலேயே முக்கோணச் சாண்ட்விச் செய்கிறார்கள். அதற்குத் திரமெஸ்ஸீனோ என்று பெயர். சூரைக் கலவையை நன்றாக மசித்து, முள் இல்லை என்பதை இருமுறை பார்த்து, அதில் வைத்துக் கொடுக்கலாம்.

குழித்துறை வாசகி: ஏத்தன்பழம் வைத்து இனிப்புப் பானினி செய்யலாமா? மட்டிப்பழம் வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமா?

பதில்: ஏத்தன்பழம் (நேந்திரம்) மிகப் பொருத்தம். தோலில் கரும்புள்ளி விழுந்த பழத்தை நீளவாக்கில் மெல்லியதாகச் சீவி, ஒரு சொட்டு நெய்யில் இருபுறமும் சுட்டுக்கொண்ட பிறகே ரொட்டிக்குள் வையுங்கள். பச்சையாக வைத்தால் அதன் ஈரம் ரொட்டியை நனைத்துவிடும். ரிக்கோட்டா என்னும் மென்மையான இத்தாலியச் சீஸுக்குப் பதிலாக உப்பில்லாத புதுப் பன்னீரைச் சிறிது பாலாடையோடு மசித்துத் தடவலாம். தேனைச் சுடுவதற்கு முன் ஊற்றாதீர்கள். அது ஓரத்தில் வழிந்து கல்லில் கரிந்து, அடுத்ததைப் போடும்போது கசக்கும். சுட்டு, வெட்டி, தட்டில் வைத்தபின் மேலே ஊற்றுங்கள். மார்த்தாண்டத்துத் தேன் வீட்டில் இல்லாமலா இருக்கும்? மட்டிப்பழத்தைக் கனத்துக்கு அடியில் வைத்தால் கூழாகி ஓரத்தில் பிதுங்கும், மணமும் சூட்டில் போய்விடும். அதை உரித்து அப்படியே சாப்பிடுங்கள்.